மரியாதையான பேய்

நல்ல பேய்ப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே படத்தைத்தான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பூரில் அது மூன்று நாள் ஓடியிருந்தால் அதிகம். அதில் ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. இருட்டுகிற நேரத்தில் ஒரு பெண் பேய் வந்து தன் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, "தொறங்க, நான்தான்" என்று சொல்லும். யாரும் திறக்க மாட்டார்கள். மறுநாளும் வந்து தட்டும். யாராவது திறந்துவிட மாட்டார்களா என்று நமக்கே ஆகிவிடும். அருமையான படம். ஆனால் பார்ப்பதற்கு முன்பே அதன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

நான் அப்போது நாலாவது, அக்கா ஏழாவது. "சின்னப் புள்ள பயந்துக்கும்" என்று என்னை விட்டுவிட்டு அப்பா அக்காவை மட்டும் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அக்கா காய்ச்சலில் பாயை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்து, "இது பயந்த கோளாறுங்க" என்று துன்னூறு மந்திரித்து நெற்றியில் பூசினார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்க மாட்டாள். பள்ளி ஆண்டுவிழாவில் நான் மயிலாக ஆடியதற்கே வரவில்லை. அப்படிப்பட்டவள் அக்காவுக்காக முழு நாள் லீவு போட்டாள்.

அன்று வகுப்பில் எனக்கு ஒன்றும் தலையில் ஏறவில்லை. இந்நேரம் அக்கா அம்மா மடியில் படுத்துக் கதை கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் காய்ச்சல் இன்னும் ஏறட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ஏறினால் அம்மா நாளைக்கும் லீவு போட்டுவிடுவாளே என்று தோன்றியதும், வேண்டுதலை அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் லோக்கல் கேபிளில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அன்றும் அம்மா கம்பெனியில்தான் இருந்தாள். பயந்தே தீருவது என்று உட்கார்ந்தேன். பயம் வரவில்லை. கடைசியில் கதவைத் திறந்ததும் பேய் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது; எனக்கு அழுகைதான் வந்தது. அதற்காக அம்மாவின் லீவை விட முடியுமா?

திங்கட்கிழமை காலை அம்மா டிபன் பாக்ஸ் கட்டும்போது, படுத்தபடியே கண்ணைச் செருகிக்கொண்டு உறுமினேன். பயந்த கோளாறுக்கும் பேய் பிடிப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

"யாரு?" என்றாள் அம்மா.

"நான் பேயுங்க" என்றேன். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று வளர்த்த வளர்ப்பு, பேயான பிறகும் என்னை விடவில்லை.

அப்பா சட்டை மாட்டுகிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா சிரிக்கவில்லை.

"என்னங்க வேணும்?"

"இன்னிக்கு இந்தப் புள்ளையோட அம்மா லீவு போடோணுமுங்க. பெரிய புள்ளைக்கு மட்டும் போட்டாங்கல்லங்க?"

அம்மா என் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். "சின்னவளுக்கும் பயந்த கோளாறுங்க சார். பெரியவளுக்கு வந்ததேதானுங்க. இல்லீங்க, விட்டுட்டு வர முடியாதுங்க."

பள்ளிக்குக் கிளம்பிய அக்காவை ஜெயித்த பார்வை பார்த்தேன். அம்மா என் பக்கத்தில் படுத்து ஒரு கையை என் மேல் போட்டாள். கதை வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டாள். உலுக்கினேன், "ம்" என்றாள், அவ்வளவுதான். மதியம் எழுந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி படுத்தாள். சாயங்காலம் வரை வாய் திறந்தபடி தூங்கினாள். நான் மேலே கூரை ஓடுகளை வெறித்துக்கொண்டு கிடந்தேன். அக்காவுக்கு என்றால் மடியும் கதையும், எனக்கு என்றால் குறட்டை. அம்மாவுக்கு அவள்தான் உசத்தி என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது.

அக்கா பள்ளி விட்டு வந்ததும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன்.

"அன்னிக்கு நீ பயந்து படுத்திருந்தயே, அம்மா உங்கூட என்ன பண்ணுச்சு?"

"தூங்குச்சு" என்றாள். "நாள் பூரா தூங்குச்சு."

மடியையும் கதையையும் என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்து, அவள் கையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு ஓடினேன்.