ஜிப் அறுத்த நைட்டி

அன்று காலை மந்தைவெளி வீட்டு வாசலில் இருந்தவர்கள் நாலு பேர். காரைக் கழுவிய அப்பா, கேட் ஓரம் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்த நான், எதிர்வீட்டு வாட்ச்மேன், கடைசியில் வெளியே வந்த முதலாளி. அம்மா இல்லை. சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வந்துவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார். வீட்டில் துணைக்கு ஆளில்லாததால் டிரைவர் வேலைக்கு வரும்போது என்னையும் கூட்டி வருவார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை நான் அந்த கேட்டோடு இருப்பேன்.

வண்டி புதுசு, கறுப்பு. கறுப்பில் எல்லாம் தெரியும் என்று வெயில் ஏறுமுன்பே அப்பா வேலையை முடிப்பார். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குவார். ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொன்று. "துணி கீழ உழுந்துச்சா, அன்னிக்கு அது செத்துச்சு" என்பார். ஈரம் ஒற்றத்தான் நல்ல துணி அமையவில்லை. கடைத் துணி சொரசொரத்தது. துவைத்துத் துவைத்து இளகின பருத்திதான் வேண்டும்.

முந்தின நாள் ஞாயிறு மத்தியானம், அம்மாவின் பழைய நைட்டியை எடுத்து பிளேடால் ஜிப்பை அறுத்தார். உலோகம் பெயிண்டில் படக்கூடாதாம். ஏனோ துண்டு துண்டாகக் கிழிக்காமல் முழுசாகவே துவைத்துக் கொடியில் போட்டார். அம்மா வந்தால் இதை எப்படிப் போட்டுக்கொள்வாள், முன்பக்கம் திறந்து கிடக்குமே? யாரும் பார்க்காதபோது ஜிப் இருந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து ஓர் ஊக்கு குத்தி வைத்தேன்.

காலையில் அப்பா அவசரமாக அதை மடித்துப் பையில் திணித்தார். சொன்னால் திட்டுவாரோ, சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று தேனாம்பேட்டை தாண்டும்வரை பஸ்ஸில் தவித்தேன். சொல்லவில்லை.

"இன்னா நைனா, காருக்கு நைட்டி மாட்டி உடறியா? வூட்ல ஒண்ணியும் கேக்கமாட்டாங்களா?" என்றார் வாட்ச்மேன், அப்பா அதை ஈரக் காரின் மேல் விரித்ததும்.

அப்பா சிரிக்கவில்லை. ஒற்றியெடுக்க வேண்டியவர், அழுத்தித் தேய்த்தார். பானெட்டில் கீச்சென்று ஒரு சத்தம்.

முழ நீளக் கோடு. அப்பா துணியைத் திருப்பி ஊக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு வந்த முதலாளி குனிந்து தடவிப் பார்த்தார். "இது எப்படிய்யா ஆச்சு?"

"நாந்தான் மொதலாளி. துணில மண்ணு இருந்துகீது, பாக்கல."

பெயிண்ட் செலவு ஆறாயிரம் என்றார்கள். மாதம் ஐநூறு சம்பளத்தில் பிடித்தார்கள். அப்பா என்னைத் திட்டவே இல்லை, பேசவும் இல்லை. கடன்தான் அவர் வாயைக் கட்டிவிட்டது, அது தீர்ந்தால் பேசுவார், அம்மாவும் வந்துவிடுவாள் என்று நானாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, மாதா மாதம் கணக்கு நோட்டில் கழித்தேன். வரமாட்டாள் என்று தெரிந்துதான் ஜிப்பில் பிளேடு வைத்தார் என்பது அப்போது புரியவில்லை.

எட்டாம் மாதம் முதலாளி வண்டியை விற்று, அப்பாவையும் நிறுத்திவிட்டார். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. படிப்பை எட்டாவதோடு விட்டேன், அந்த நோட்டை விடவில்லை. அதில் இன்னும் நிற்கிறது: பாக்கி இரண்டாயிரம் ரூபாய்.