ஆற்றுக்குப் படி கட்டியவர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சிங்கார மேஸ்திரி போய்விட்டார் என்று மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போன் வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்தேன். அவர் கட்டிய சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்தவன், அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அரை மீசையோடு போய் நின்றேன். அழுதுகொண்டிருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி இது, பாதியில நிக்குது?" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் மேஸ்திரி முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போக மாட்டார். ராஜா காலத்துப் பாலத்துக்குத்தான் கூட்டிப்போவார். ரயிலும் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் போகிற அந்தப் பாலத்தில் நிறுத்திவைத்து, "பாரு, கபினி இப்படி வருது. குண்டல் ஆறு அங்க வந்து சேருது. நடுவுல மேடு பார்த்துக் கோயில் கட்டினான், கோயிலைச் சுத்தி ஊர் வந்துச்சு. மேட்டுல இடம் தீர்ந்ததும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவன் பள்ளத்துல இறங்கினான். நம்ம தெரு ஆத்தோட சொந்த இடம். நாம வாடகைக்கு இருக்கோம்" என்பார். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குச் சரித்திரமும் பூகோளமும் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில்தான் ஆற்றோரத் தெருவில் தன் வீட்டுக்கு ஆள் உயரத்தில் அடித்தளம் எழுப்பி, வாசலுக்குச் செங்குத்தாகப் படி வைத்தார். கபினி பிறக்கிற வயநாட்டில் மழை கொட்டினால் தண்ணீர் இங்கே வந்தே தீரும் என்பது அவர் கட்சி. ஆறோ ஒவ்வொரு மழைக்கும் தெருமுனைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். தெருவே சிரித்தது. நான் சும்மா இருப்பேனா? நடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணா, சாமுண்டி மலையிலகூட பாதி வழியில ஒரு நந்தி இருக்கு. உங்க வீட்டுல மூச்சு வாங்க அதுவும் இல்லையே."

"அதான் நீ உட்கார்ந்திருக்கியேடா. வர்றவன் கும்பிட்டுட்டு ஏறட்டும், நகராதே."

போன வருஷம் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. இறங்கினால் ஏற முடியாது. ஆற்றுக்காகக் கட்டிய படி அவரையே மேலே பிடித்துவைத்துக்கொண்டது. பாலத்துக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுவார். நாற்காலியில் தூக்கிப் போகிறோம் என்றால் கௌரவம் விடாது. வாசலில் உட்கார்ந்து தெருமுனையையே பார்ப்பார். "என்னால இறங்க முடியல. அதான் ஆத்தையே இங்க வரச் சொல்லியிருக்கேன். ஒரு தரம் வந்து முதல் படியைத் தொட்டாப் போதும். நீ சிரிச்சதையெல்லாம் வாபஸ் வாங்கணும்" என்றார்.

கடைசியில் அவரைப் பாடையில் வைத்துக் கீழே இறக்கும்போது முன்பக்கம் பிடித்தவன் நான். படி குறுகல். சாய்ந்த பாரமெல்லாம் என் தோளுக்கு வந்தது. மேலேயிருந்து அண்ணி, "மெதுவா தம்பி, அவருக்கு மூச்சு வாங்கும்" என்றார். மெதுவாகத்தான் இறங்கினோம்.

காரியத்துக்கு முந்தின நாளே வயநாட்டில் மழை பிடித்துக்கொண்டது. மேலே கபினி அணையைத் திறந்துவிட்டார்கள். பந்தி நடக்கும்போதே கபினி தெருவுக்குள் வந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் பாய், ஸ்டவ், குழந்தைகளோடு மேஸ்திரி வீட்டுப் படியேறினார்கள். கூடத்தில் கால்வைக்க இடமில்லை. அண்ணி வாசலில் நின்று கீழே பார்த்தார். வீட்டுக்கு நேரங்கழித்து வந்த ஆளைக் கேட்பதுபோல, "இப்பத்தான் வர்றியா?" என்று ஆற்றைக் கேட்டார்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், ஆறு எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம் என்று கேட்டபிறகே மூட்டையை இறக்குகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

தண்ணீர் மறுநாள் வடிந்தது. நான் செருப்பை முதல் படியில் விட்டிருந்தேன். இடது கால் செருப்பு சேற்றில் இருந்தது. வலது கால் செருப்பு இல்லை. இருந்ததைப் போட்டுக்கொண்டு மைசூர் பஸ் ஏறினேன்.