வடக்குப் பக்க ஜன்னல்

ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை. ரெஜினா அக்கா வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருக்கிறார். மன்னார்க்காரர். பன்னிரண்டு வருட ஆக்லாந்து வாசத்தை முடித்துக்கொண்டு, அடுத்த வாரம் குடும்பத்தோடு நார்வேயின் வடகோடி நகரம் ஒன்றுக்குக் குடிபோகிறார். நான் ஒரு கம்பளியைப் புரட்டிப் பார்க்கிறேன்.

"அங்கயும் வடக்குப் பக்கம் யன்னல் இருக்கிற வீடாத்தான் எடுக்கச் சொன்னனான். நல்ல வெயில் வரும்," என்கிறார்.

"அக்கா, வடக்குல வெயில் வர்றது பூமியோட தென்பாதில இருக்கிற இங்கதான். அங்க தெற்குலதான் வரும்."

அவர் போன் கார்டைச் சுரண்டிக்கொண்டு உள்ளே போய், நார்வேயிலிருக்கும் அண்ணனை அழைக்கிறார். பேசி முடித்துத் திரும்பி வருகிறார்.

"என்ன சொன்னாரு?"

"எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதானாம். நாங்கள் போய் இறங்கேக்க அங்க மாசக்கணக்கில சூரியனே உதிக்காதாம்."

என் கையிலிருக்கும் கம்பளியை வாங்கி மடிக்கிறார்.

"தம்பி, இது விக்கிறதுக்கில்லை."