தெருநாய் என்று சாதித்த சித்தப்பா

எங்களோடு ராயபுரத்தில் இருந்த சித்தப்பாவுக்கு மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கத் தெரியாது. துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதனால் எங்கள் அப்பா புல்டாக்: முகத்தில்தான் கடுகடுப்பு, கடிக்க மாட்டார். அம்மா டெரியர்: எலியோ பொய்யோ, தோண்டி எடுக்காமல் விடமாட்டாள். தன்னைப் பற்றி, "நான் ஸ்பேனியல். யாரு கூப்ட்டாலும் வாலாட்டிகினே பூடுவேன்" என்பார். ஸ்பேனியலுக்குக் காது தொங்கும், வாலை ஒட்ட நறுக்கியிருப்பார்கள், காலில் குஞ்சம் குஞ்சமாக முடி இருக்கும் என்று எட்டு வயதிலேயே எனக்கு மனப்பாடம். சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு நாள் சித்தப்பா கோணிப்பைக்குள் ஒரு நாயைத் தூக்கிவந்தார். அதன் உடம்பெல்லாம் நிலக்கரித் தூள்.

"கரிக்கிடங்குல சுத்திகினு கெடந்துச்சு. தெருநாய்."

நான் அதைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வெள்ளையும் பழுப்புமாக முடி தெரிந்தது. தொங்கும் காது, நறுக்கிய வால், காலில் குஞ்சம். கத்திக்கொண்டே ஓடிவந்து காட்டினேன். மெச்சிக்கொள்வார் என்று பார்த்தால், "உன்ன எவன் குளிப்பாட்டச் சொன்னான்?" என்று பாய்ந்தார். மறுபடி கரித்தூளை அள்ளி அதன்மேல் அப்பினார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போகிற வருகிறவர்களை அதட்டுகிற பெட்டிக்கடைக்காரருக்கே அல்சேஷன் பட்டம் கொடுத்த மனுஷர், அசல் ஸ்பேனியலைத் தெருநாய் என்கிறாரே! வாயில்லாத ஜீவன் என்றால் எப்படி வேண்டுமானாலும் அவமானப்படுத்தலாமா?

மறுநாள் துரையின் டிரைவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நாளிக்குக் கப்பலு. தொரை கேட்டுகினு வரச் சொன்னாரு. நாய்க்கு ஊசி போட்டாச்சா?"

"ஆச்சு" என்று சித்தப்பா ஒரு தோல் கழுத்துப்பட்டையை நீட்டினார். அதற்குள் நாய் ஓடிவந்து, ரொம்ப நாள் பழகியதுபோல டிரைவரின் காலைச் சுற்றிக் குழைந்தது.

"இது இன்னா நாயி?"

"தெருநாய்பா."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய்! இது ஸ்பேனியல்! வாலைப் பாருங்க!" என்று கத்தி, அதன் காதையும் தூக்கிக் காட்டினேன். பளீரென்று கன்னத்தில் அறை விழுந்தது. சித்தப்பா அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை.

டிரைவர் கொஞ்ச நேரம் நாயையே பார்த்தார். குனிந்து அதன் தலையைத் தடவினார். "தெருநாய்தான் பாப்பா" என்று சொல்லிவிட்டு, பட்டையை வாங்கிக்கொண்டு போனார். மீசை வைத்த இரண்டு ஆம்பிளைகள் என் கண்ணெதிரே கூசாமல் பொய் சொன்னார்கள்.

கப்பல் போன மறுநாள் சித்தப்பாவே நாயைக் குளிப்பாட்டி அழைத்துவந்தார். "ஸ்பேனியல்தாம்மா. நீ சொன்னதுதான் ரைட்டு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை.

ஊசி என்றால் காய்ச்சலுக்குப் போடுவது என்றுதான் எனக்குத் தெரியும். தான் வளர்த்த நாய் நம்மவர் வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாதென்று, அதைக் கொன்றுவிடச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் துரை ஊருக்குக் கிளம்பினான் என்பதைப் பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். அவன் கப்பல் புறப்பட்ட அன்று, கன்னத்தில் விரல் தடம் மறையாமலே, தெருப்பிள்ளைகளோடு கடற்கரையில் நின்று நான் அவனுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தேன்.