சத்தமில்லாத கராத்தே

கராத்தேயில் குத்து விடும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் வரவேண்டும். அது இல்லாவிட்டால் பாதிக் குத்துதான். எழுபதுகளில் மதுரையில் படித்தபோது நான் கராத்தே பழகிய கொட்டகையில் பெண் நான் ஒருத்திதான். "நீ கத்த வேணாம்மா, என்னமோ ஏதோன்னு தெருவே கூடிரும்" என்றார் மாஸ்டர். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்த, நான் வாயை மட்டும் திறந்து மூடினேன். அப்படியே கறுப்பு பெல்ட்டும் வாங்கிவிட்டேன்.

பிறகு கொடைக்கானலில், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித் தரட்டுமா என்று தலைமையாசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். சாயங்காலம் ஹால் தருவதாகச் சொன்னார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சிற்றாலயம், அது சிஸ்டர்களின் ஜெப நேரம். "மூச்சு விடுற சத்தங்கூட கேக்கக் கூடாது டீச்சர்" என்றார். ஆண்டு விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள் பிள்ளைகள் மதுரையில் மஞ்சள் பெல்ட் வாங்கி வராவிட்டால் ஹால் தையல் வகுப்புக்குப் போய்விடும் என்றும் சொன்னார். தையல் டீச்சர் மறுநாளே வந்து மெஷினை எங்கே போடலாம் என்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கும் வாயைத் திறக்க மட்டும் கற்றுக்கொடுத்தேன். குளிர் கைகொடுத்தது. அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளினால் வாயிலிருந்து புகை வரும். நல்ல கத்தல் என்றால் நீளப் புகை, சோம்பல் கத்தல் என்றால் துளிப் புகை. "ஒனக்குப் புகையே வரலையே, மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?" என்று காதோடு கேட்பேன். ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை உடை, தலையில் குரங்குக் குல்லாய், வரிசையாகப் புகை. ஜெபம் ஒரு நாள்கூடக் கெடவில்லை.

பரீட்சைக்குச் சிஸ்டரும் துணைக்கு வந்தார். பரீட்சை வைத்தவர் என் பழைய மாஸ்டரேதான். மதுரை வெக்கையில், அதே தகரக் கொட்டகையில் பிள்ளைகள் குத்தினார்கள், வாயைத் திறந்தார்கள். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மாஸ்டர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"என்ன, எல்லாம் வரிசையா கொட்டாவி விடுதுக? கத்தலைன்னா பெல்ட் கெடையாது."

எனக்குக் கத்தாமலே பெல்ட் கொடுத்த மனுஷன். வந்த கோபத்துக்கு அவரையே ஒன்று குத்தியிருப்பேன். "கத்துங்க பிள்ளைகளா" என்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, சிஸ்டரைப் பார்த்தார்கள். ஹால் போயிற்று என்றே நினைத்தேன்.

சிஸ்டர் எழுந்து நின்றார். "என் மூஞ்சியில என்ன இருக்கு? வெரசா கத்துங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கத்தினார்கள். கூரைத் தகரமே அதிர்ந்தது. ஒரு பிள்ளை தன் சத்தத்தைக் கேட்டுத் தானே பயந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்தே மஞ்சள் பெல்ட் கிடைத்தது.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் கேட்டார்.

"டீச்சர், பிள்ளைக கத்தும்போது நீங்களும் கூடவே வாயத் தெறந்தீங்க. சத்தத்தையே காணோமே?"

கத்தினேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "பழக்கமில்ல சிஸ்டர்" என்றேன்.

"ஜெப நேரத்த நாங்க மாத்திக்கிறோம். ஆனா நீங்களே கத்தலைன்னா பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க? எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலதான்."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டேன். டிரைவர் வளைவிலேயே பிரேக்கை மிதித்துவிட்டார். கண்டக்டர் பதறிப்போய் ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, டீச்சருக்குப் பாடம் நடக்குது. நீங்க வண்டிய எடுங்க" என்றார் சிஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொண்ணு போடுங்க" என்றார்.