கட்டத்துக்குள் ஒட்டாத கொம்பு

இருபத்தாறு வருஷம் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர் அக்கா. அது ஒருநாளும் அவரைக் குழப்பியதில்லை. இந்தக் கணினிதான் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிறது.

மென்பொருள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் டைப்பிஸ்ட் அக்கா. ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் பெயரைப் பதிய இவர்கள் மூன்று நாள் முன்புதான் திரையில் ஒரு கட்டம் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதில் தட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை. ஆறு மாத ஒப்பந்தம், இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்புவதும் டீம் லீடர் கையில்.

'கெ' வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டு, எழுத்தைப் பிறகு தட்டு. அக்காவின் விரல் கற்றது அதுதான். அவருடைய விசைப்பலகையும் அந்தப் பழைய வரிசைதான். வேறெங்கே தட்டினாலும் கொம்பு சமர்த்தாக எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் மட்டும் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம் முளைத்து, கொம்பு அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எழுத்து அநாதையாய்ப் பின்னால் வருகிறது. அழித்தாலோ பாதி போகிறது, பாதி போகமாட்டேன் என்கிறது. அட கஷ்டகாலமே!

"இதைச் செஞ்ச எங்க நாலு பேருக்கும் சரியா வருதேக்கா," என்று சிரித்தார் லீடர். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"எனக்கும் அதான் புரியல தம்பி. என் கை தப்பா, கட்டம் தப்பா?"

நால்வரும் அவரவர் மேசையில் தட்டிக் காட்டினார்கள். எல்லாம் ஒட்டியது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வயசாகிவிட்டதோ? இத்தனை வருஷம் கற்றதெல்லாம் மறந்துபோனதோ? கலங்கிய கண்ணோடு அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். நால்வருமே இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, அதைத் தமிழாக மாற்றிக்கொள்கிறவர்கள்!

"தம்பி, இங்க கொம்பை ஒருத்தருமே தட்டலையே!"

லீடர் குனிந்து தன் விசைப்பலகையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப யாருக்கா அப்படித் தட்டுறாங்க? இன்னைக்கு அனுப்பியாகணும். சரின்னு போட்டுடுங்க, உங்க ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்."

யார் தட்டுகிறார்களா? ஆஸ்பத்திரிச் சன்னலில் பெயர் பதிய உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அக்காவோடு டைப்பிங் படித்தவர்கள். போடுவதா வேண்டாமா என்று பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. வேலை வேண்டும்; வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். ஆனாலும் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"வேலை போனா போகட்டும் தம்பி. நாளைக்கு அங்க ஒருத்தி, வரிசையில நிக்கிற சனத்து முன்னாடி, தன் கைதான் தப்புன்னு நெனச்சு அழக்கூடாது."