அஷிகான் பிடித்த ஞாயிறு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவுக்கு மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. ஞாயிறுதோறும் அப்பா, அம்மா, நான் மூவரும் எங்கள் வீடிருந்த வில்லரேயிலிருந்து டோர்வல் ஏரிக்கரைக்குக் காரில் போவோம். அப்பா தேடிப்போனது அஷிகான் என்ற மீனை. கற்களுக்கிடையில் வாழும்; பச்சையும் மண்நிறமும் கலந்த உடம்பு, சிவந்த கண்.

அதன் குணமெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. வசந்தத்தில் ஆண் மீன் கரையோரத்தில் முட்டைக்குக் காவல் நிற்கும்; அப்போது பிடிக்கக் கூடாது. கோடை வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும். விடியற்காலையில்தான் கரைப்பக்கம் வரும். செப்டம்பரில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும், பனிக்காலத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ள, கண்டதையெல்லாம் தின்னும். அதுதான் எங்கள் பருவம்.

அப்படியொரு செப்டம்பர் ஞாயிறு, டெப்பனர் என்கிற தெருமூலைக் கடையில் வாங்கிய மண்புழுவைத் தூண்டிலில் கொளுவி எறிந்துவிட்டு அப்பா என்னிடம் சொன்னார்.

“பிள்ளை, நீ அங்காலை அந்தப் பெரிய கல்லில போய் இரு. வெள்ளைப் பறவையள் தண்ணிக்குள்ள பாய்ஞ்சால் அங்கை மீன் நிக்குது. கண்டால் வந்து சொல்லு. இஞ்சை மூண்டு பேர் நிண்டால் மீன் வெருண்டிடும்.”

நான் கண் இமைக்காமல் காவல் இருந்தேன். பறவைகள் கூட்டமாகப் பாய்ந்ததும் சொல்ல ஓடிவந்தேன். அப்பாவும் அம்மாவும் தேநீர்க் குடுவையை நடுவில் வைத்து, தண்ணீருக்கு முதுகு காட்டி, சத்தமாகக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கற்களுக்கிடையில் செருகியிருந்த தூண்டில் தடி வளைந்து, மெல்ல மெல்ல ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

“அப்பா, தடி போகுது.”

அம்மாதான் முதலில் பாய்ந்தார். சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தடியின் கைப்பிடியைப் பற்றிவிட்டார்.

“இழுக்காதையும், விட்டுப் பிடியும்,” என்றார் அப்பா கரையில் நின்றபடி.

“நீங்கள் பேசாமல் இருங்கோ.”

மீன் இரண்டு தரம் தண்ணீருக்கு மேலே துள்ளியது. அம்மா நூலை விட்டுக்கொடுத்து, சுற்றி, மறுபடி விட்டு, கடைசியில் அதைக் கற்களின் மேல் ஏற்றியபோது, அது அடித்துத் தெறித்த தண்ணீரில் மூன்று பேருமே நனைந்திருந்தோம்.

திரும்பும் வழியில் நான் விசாரணையைத் தொடங்கினேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஏன் தடியைப் பாக்கேல்லை?”

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா தொண்டையைச் செருமினார்.

“வாற கிழமை கவனமாய் இருக்கிறம்.”

அப்பாவுக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. அம்மாவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் பகல் வேலை. கிழமையில் ஆறு நாள் ஒருவர் வர மற்றவர் போவார். அடுத்த ஞாயிறு என்னை இன்னும் தள்ளி, வேறொரு கல்லில் இருக்கச் சொன்னார்கள். எனக்குப் பதவி உயர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.